சிறு கூடத்திற்கு ஏற்ற விரிப்பு

சென்ற மார்ச்சு மாத முடிவில், இருப்புச் சரிபார்ப்பிற்காக நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கிடங்கிற்குச் சென்றிருந்தோம். ஜமக்காளம் நெய்யும் சங்கம் அது. சுவரோரமாக ஆளுயரத்திற்கு அடுக்கப்பட்டிருந்த ஜமக்காளங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். எண்ணிக்கையில் குறையேதும் இல்லை. ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி, பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி என்ற அளவுகளே பெரும்பாலும் இருந்தன. சிறியவை எங்கே என்று வினவியபோது, அவை வந்த வேகத்தில் விற்றுப் போய்விடுகின்றன என்று கிடங்குப் பொறுப்பாளர் விடையளித்தார். விற்றுப் போகும் அளவை ஏன் கூடுதலாக நெய்யவில்லை என்னும் கேள்விக்கு அவரிடம் விடையில்லை. உண்மையைச் சொல்வதாயின், அதுகாறும் அக்கேள்வியை எச்சங்கத்திலும் நாம் கேட்டதில்லை.

அன்று பிற்பகல், அச்சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் தமது இல்லத்திற்கு அழைத்தார். முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தறியில் அமர்ந்தவர். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு முன்கூடம். அதில் ஒரு சோபா, தொலைக்காட்சிப் பெட்டி வைத்த அலமாரி, பேரப்பிள்ளைகளின் புத்தகப் பைகள். தரையில், பண்டிகைத் தள்ளுபடியில் வாங்கிய செயற்கை இழை விரிப்பு ஒன்று ஓரம் சுருண்டு கிடந்தது. நமது பார்வை சென்ற இடத்தை அவர் கவனித்துவிட்டார். "நாங்கள் நெய்வது கல்யாண மண்டபத்திற்குங்க ஐயா, அதை விரிக்க எங்கள் வீட்டில் இடமேது?" என்றார். குறையாகக்கூட அவர் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப்போல் சொன்னார். எனினும், இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அச்சொல்லே.

சிறு கூடத்தில் எத்தகைய விரிப்பை, எங்கே, எந்த அளவில் இடுவது என்பது வீட்டுப் பெண்டிர் பார்த்துக்கொள்ளும் சிறு காரியம் என்று ஒதுக்கத்தக்கதன்று. வாங்குவோர் அளவறியாமல் வாங்குகின்றனர்; நெய்வோர் அளவறியாமல் நெய்கின்றனர். இரண்டுக்கும் இடையே கிடங்கில் முடங்கிக் கிடப்பது அங்கத்தினர்களின் கூலி.

வாங்குவோர் பிழையை எடுத்துரைக்கும் தகுதி நமக்கு உண்டு. நாமே அப்பிழையைச் செய்தவர். திருமணமான புதிதில் குடியேறிய வாடகை வீட்டின் கூடம் ஏறக்குறைய அந்த அங்கத்தினரின் கூடத்தை ஒத்ததே. நல்ல ஜமக்காளம் ஒன்று இருக்கட்டும் என்று எட்டடிக்குப் பத்தடியில் வாங்கினோம். கூடத்தின் பரப்பு நூற்றிருபது சதுர அடி, விரிப்பின் பரப்பு எண்பது. சுற்றிலும் ஓரடி தரை தெரியும், அழகாக இருக்கும் என்று காகிதத்தில் கணக்கிட்டோம். காகிதத்தில் கதவு இல்லை. உட்புறம் திறக்கும் வாயிற்கதவு ஒவ்வொரு முறையும் ஜமக்காளத்தின் விளிம்பில் முட்டி அதனை மடித்தது. அடுக்களைக்குச் செல்லும் வழி முழுவதும் அதன்மேலேயே அமைந்ததால், குழம்புச் சட்டி ஏந்தி வருபவரும் ஈரக்காலோடு வருபவரும் அதை மிதித்தே வரவேண்டியிருந்தது. மூன்றே வாரங்களில் அது பரணுக்கு ஏறியது. வணிகவியல் படித்துப் பட்டம் பெற்றுக் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவரின் கணக்கு இவ்வளவில் முடிந்தது.

அந்த அனுபவத்திலிருந்து நாம் கண்ட முதல் விதி, விரிப்பை அளப்பதற்குமுன் நடைவழியை அளக்கவேண்டும் என்பது. வாயிற்படியிலிருந்து அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் மக்கள் எப்படி நடக்கின்றனர் என்று ஒருநாள் கவனித்தால் போதும். கூடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதை இருப்பது புலப்படும். அப்பாதைக்கு மூன்றடி அகலம் விட்டுவிட வேண்டும். பத்தடி அகலக் கூடத்தில் ஒரு பக்கம் மூன்றடி பாதைக்குப் போனால் எஞ்சுவது ஏழடி. எதிர்ச் சுவரோரம் சோபா இட்டால் அதன் ஆழம் இரண்டரை அடி. ஆக, சோபாவின் முன்னே நமக்குக் கிடைப்பது நான்கரை அடிதான். இங்கே நான்கடிக்கு ஆறடி விரிப்பை, சோபாவின் முன்கால்கள் அரையடி அதன்மேல் நிற்குமாறு இட்டால், பாதைக்கும் விரிப்புக்கும் இடையே ஓரடி தரை தெளிவாகத் தெரியும். ஐந்தடிக்கு ஏழடியை இட்டால் அதன் ஓரம் சரியாகப் பாதையின் விளிம்பில் வந்து முடியும். ஓடும் பிள்ளைகளின் கால் அதைத் தினமும் மடிக்கும். ஓரடி வேறுபாட்டில் ஒரு விரிப்பு வசதியாகவோ தொல்லையாகவோ ஆகிவிடுகிறது.

அளவை நிச்சயிக்க மனைக்கட்டை வல்லுநர் எவரையும் நாட வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் நாலு முழ வேட்டி ஒன்றே போதும். முழம் ஒன்றரை அடியாகக் கொண்டால் நீளம் ஆறடி. அகலம் நான்கடியும் சற்றுக் கூடுதலுமாகும். அதைச் சோபாவின் முன் விரித்து, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். எவர் கால் எங்கே படுகிறது, கதவு எங்கே உரசுகிறது, மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார விரும்பும் பெரியவருக்கு இடம் வாய்க்கிறதா என்பதையெல்லாம் அவ்வேட்டி சொல்லிவிடும். போதாது என்று தோன்றினால் இரண்டாவது வேட்டியை ஓரத்தில் சேர்த்துப் பாருங்கள். நெசவாளர் வீடாயின் நூல் இருக்கவே இருக்கிறது. நீளத்திற்கு ஒரு முடிச்சும் அகலத்திற்கு ஒரு முடிச்சுமாக இட்ட நூலை மடியில் வைத்துக்கொண்டு கடைக்குச் சென்றால், விற்பனையாளரின் பேச்சுக்கு மயங்க நேராது.

இடம் போதவில்லையென்று சிறுசிறு விரிப்புகளாக மூன்று நான்கை அங்கங்கே போட்டு வைப்பாரும் உளர். அலமாரிமுன் ஒன்று, சோபாமுன் ஒன்று, நடுவில் வட்டமாக ஒன்று. சிறு அறையை மேலும் சிறிதாகக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் வேறில்லை. ஒன்று போதும்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்ட விரும்புகிறோம். நம் முன்னோர் வீடுகளில் ஜமக்காளம் தரையோடு ஒட்டிக் கிடந்ததில்லை. அது சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பெண் பார்க்க வருவோர்க்கும், பஞ்சாயத்துப் பேச அமர்வோர்க்கும், துக்கம் விசாரிக்க வருவோர்க்கும் விரிக்கப்படும். அவர்கள் எழுந்து போனதும் உதறிச் சுருட்டப்படும். விரிப்பு என்னும் பெயரே விரிப்பதால் வந்ததுதானே. குளிர் நாடுகளில் தரையின் தண்மையைத் தடுப்பதற்காக அறை முழுவதும் நிலையாகப் பரப்பிய கம்பளங்களின் வழக்கம், விளம்பரங்களின் வழியாக இப்போது நம் கூடங்களுக்குள் நுழைந்திருக்கிறது. அங்கே அதற்குக் காரணம் உண்டு. தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கும் நம் வீடுகளில், தூக்க இயலாத கனத்த விரிப்பின் அடியில் ஈரம் தங்கும். ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கெட்ட வாடை வீசும். அடிப்புறம் ரப்பர் பூசிய செயற்கை விரிப்புகளில் காற்றுப் புகாதாகையால் இத்தொல்லை இன்னும் மிகுதி.

மேலும், நம்மவரின் சிறு கூடம் பகலில் கூடம், மாலையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், இரவில் படுக்கையறை. உழவர் வீடாயின் அறுவடைக் காலத்தில் மூட்டை அடுக்கும் கிடங்கும் அதுவே. இவ்வளவு வேடம் பூணும் அறைக்கு, ஒருவர் தனியாகத் தூக்கிச் சுருட்டி மூலையில் நிறுத்தக்கூடிய விரிப்பே பொருந்தும். பருத்தி ஜமக்காளத்தின் பெருமை இதில்தான் இருக்கிறது. காலையில் சுருட்டித் தரையைத் துடைத்து, தரை உலர்ந்தபின் விரிக்கலாம். வாரம் ஒருமுறை திண்ணையில் போட்டு உதறலாம். இருபுறமும் ஒத்த நெசவாகையால், மாதத்திற்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் தேய்மானம் இரண்டு முகத்திற்கும் பகிர்ந்துகொள்ளப்படும். நாள்தோறும் வெயில்படும் சன்னலோரத்தில் ஒரே முனையை வைத்திருந்தால் அம்முனை வெளுத்துவிடும். ஆகவே புரட்டும்போதே முனையையும் மாற்றிவிடுவது நலம்.

நம் இதழைப் படிக்கும் பயிரிடுவோரை மறந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சித்திரை, வைகாசிக் கோடையில் பருத்தி விரிப்பைவிடக் கோரைப்பாயே உடலுக்கு இதமானது. காவிரிக் கரையில் கரூர், முசிறிப் பக்கங்களில் விளையும் கோரையும், தாமிரபரணிக் கரையின் பத்தமடைப் பாயும் நம் அங்கத்தினர் அறியாதவை அல்ல. கோடை நான்கு மாதம் பாய், எஞ்சிய மாதங்களில் ஜமக்காளம் என்று மாற்றி விரிக்கும் வீட்டில் இரண்டுமே நீண்ட நாள் உழைக்கும். வாயிற்படியில் தென்னை நார் மிதியடி ஒன்று தவறாமல் வேண்டும். காலின் மண் அங்கேயே உதிர்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் விரிப்பின் இழைகளுக்கிடையே புகுந்து அறுக்கும் மணல் பெரிதும் குறையும். ஜமக்காளத்தைத் தேய்ப்பது கால் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைத் தேய்ப்பது மணல்.

நிறத்தைப் பற்றி அவரவர் விருப்பமே முடிவானது. நாம் இரண்டே சொற்கள் சொல்வோம். நூலின் ஊடையில் நிறம் மாற்றி நெய்த பட்டைகள் அகலவாட்டில் ஓடும்; பாவில் நிறம் மாற்றியவை நீளவாட்டில் ஓடும். பட்டை ஓடும் திசையில் அறை சற்று நீண்டு தோன்றும். ஒடுங்கிய கூடத்தில், பட்டைகள் அறையின் அகலத்தின் குறுக்கே ஓடுமாறு இட்டால் ஒடுக்கம் குறைந்து காணும். மற்றொன்று, சுவரிலும் திரையிலும் பூவேலை மிகுந்திருக்குமாயின் தரையில் இரண்டு மூன்று நிறப் பட்டைகளோடு நிறுத்திக்கொள்வது கண்ணுக்கு ஓய்வு.

வழுக்கலைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறோம். பழைய சிமெண்டுத் தரையில் ஜமக்காளம் நகராமல் கிடக்கும். இக்காலத்து வழவழப்பான ஓடுகளின்மேல் அதுவே படகைப்போல் வழுக்கும். முதியோர் இருக்கும் வீட்டில், சோபாவின் முன்கால்கள் ஒரு விளிம்பை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அல்லது அடியில் ரப்பர் வலை இட வேண்டும். இரண்டும் இயலாதாயின் விரிப்பே வேண்டாம். ஒரு தாயாரின் இடுப்பெலும்புக்கு ஈடாகும் அழகு எந்த ஜமக்காளத்திலும் இல்லை. எம் சங்கங்களின் விற்பனை குறைந்தாலும் குறையட்டும்.

வாங்கும்போது வெள்ளைத் துணியொன்றை நனைத்துச் சிவப்பு, கறுப்புப் பட்டைகளின்மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விலை எவ்வளவு குறைவாயினும் வைத்துவிட்டு வந்துவிடலாம். எடுத்து வந்தபின் குளிர்ந்த நீரில் தனியாக அலசி நிழலில் உலர்த்த வேண்டும். 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் சட்டத்தின்படி கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட பொருள்களுள் ஜமக்காளமும் ஒன்று; பவானி ஜமக்காளம் 2005-06இல் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இருந்தும், விசைத்தறிச் சரக்கு அப்பெயரிலேயே சந்தையில் உலவுவதை அங்கத்தினர் நன்கறிவர். சட்டமும் குறியீடும் ஏட்டில் இருக்கின்றன. கடையில் கேட்க வேண்டியவர் வாங்குபவர்தான்.

இனி, சங்கங்களுக்கு. இதுவரை கூறியவையெல்லாம் நான்கடிக்கு ஆறடி விரிப்பு கடையில் கிடைத்தால்தான் பயன்படும். கிடைக்கவில்லையாயின், வாங்க வந்தவர் நேரே செயற்கை இழைக் கடைக்குத்தான் செல்வார். இதை ஒரு நிர்வாகக் குழுவினரிடம் எடுத்துரைத்தபோது, "சிறியது நெய்தால் நெசவாளருக்குக் கட்டாது" என்ற மறுப்பு எழுந்தது. அம்மறுப்பு வெறும் சாக்கு அன்று. அதில் நியாயம் இருக்கிறது. ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி ஜமக்காளத்தின் பரப்பு நூற்றெட்டுச் சதுர அடி. முடிச்சிட வேண்டிய இரு முனைகளும் சேர்ந்து பதினெட்டடி. அதே பரப்பை நான்கடிக்கு ஆறடியாக நெய்தால் நான்கரை விரிப்புகள் ஆகும். ஒவ்வொன்றுக்கும் எட்டடி முனையாக, முடிச்சிட வேண்டியது முப்பத்தாறு அடி. நெய்யும் பரப்பு ஒன்றாகவே இருக்க, முனைவேலை சரியாக இருமடங்காகிறது. சதுர அடிக் கணக்கில் மட்டும் கூலி கொடுக்கும் சங்கத்தில் இந்த இரண்டாவது பதினெட்டடி, முடிச்சுப் போடும் பெண்களின் இனாம் வேலையாகவே போய்விடும். ஆகவே சிறு விரிப்பு நெய்யச் சொல்லுமுன், முனைவேலைக்கு அடிக்கணக்கில் தனிக் கூலி நிர்ணயிக்க வேண்டும். அதை விலையில் சேர்த்தாலும் வாங்குவோர் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது நமது துணிபு. சிறியவை வந்த வேகத்தில் விற்றுப் போகின்றன என்று கிடங்குப் பொறுப்பாளரே கூறவில்லையா?

மறுபுறம் ஒரு நன்மையும் உண்டு. அகல ஜமக்காளத்தைக் குழித்தறியில் இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கி நெய்கின்றனர். ஒருவர் வரவில்லையாயின் மற்றவருக்கும் அன்று கூலியில்லை. இளைஞர் வேறு தொழில் தேடிச் சென்றுவிட்ட ஊர்களில், துணை இல்லாமல் சும்மா அமர்ந்திருக்கும் முதிய நெசவாளரை நாம் கண்டிருக்கிறோம். நான்கடி அகலத்தை ஒருவரே நெய்யலாம். அதற்கேற்ற அச்சும் விழுதும் மாற்றும் செலவைச் சங்கம் ஏற்றால், அத்தகையோரின் தறி மீண்டும் ஓடும்.

பெரிய அளவை அடியோடு கைவிடும்படி நாம் கூறவில்லை. கோயிலும் மண்டபமும் உள்ளவரை அதற்கும் தேவை இருக்கும். ஆயினும், பவானியில் இத்தொழில் பிறந்த வரலாற்றையும் நினைத்துப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயல்நாட்டு ஆலைத்துணி வந்து குவிந்தபோது, அங்கிருந்த ஜங்கமர் வகுப்பார் முரட்டு வண்ண நூலைக் கையிலெடுத்து ஜமக்காளம் நெய்யத் தொடங்கினர் என்பர். சந்தை மாறியது கண்டு நெசவை மாற்றியவர்களின் வழிவந்த தொழிலில், அளவை மாற்றுவதற்கு மட்டும் ஏன் இத்துணைத் தயக்கம்?

விற்பனை நிலையங்களில் செலவின்றிச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. கடைத்தரையில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கட்டம் ஒன்றைச் சுண்ணாம்பால் வரைந்து, வாயிலும் சோபாவும் இருக்குமிடத்தைக் குறித்துவைத்தால், வாங்க வருவோர் தம் கூடத்தையே கண்முன் காண்பர். ஜமக்காளத்தின் மேற்புறச் சீட்டில் நீள அகலம் தமிழில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். இப்போது பல சீட்டுகளில் விலைதான் கண்ணில் படுகிறது. அளவைத் தேட வேண்டியிருக்கிறது.

நமது பங்கிற்கும் ஒன்று செய்திருக்கிறோம். நாம் தணிக்கை செய்யும் சங்கங்களின் இருப்புப் பதிவேட்டில் இதுவரை எண்ணிக்கையும் மதிப்பும் மட்டுமே எழுதப்பட்டு வந்தன. அளவுக்கும், அந்தந்த அளவு கிடங்கில் எத்தனை மாதம் தங்கியது என்பதற்கும் தனித்தனியே இரண்டு பத்திகள் சேர்த்து வரையும்படி கேட்டுக்கொண்டுள்ளோம். மூன்று சங்கங்கள் வரைந்துவிட்டன. நான்காவது சங்கத்தின் செயலாளர், பழைய பதிவேடு தீரட்டும் என்று காத்திருக்கிறார்.